அற்புதக் கதைகளை விக்கிப்பீடியாவில் எப்படி எழுதுவது?

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த யூத பக்தி இயக்கமான ஹசிதியத்தின் ரபிகள் (மதகுருமார்) மேல் எனக்கு ஈடுபாடு அதிகம். லிஜென்ஸ்க் ஊர் ரபி எலிமெலெக் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். உடனே ‘சான்றுகள் இல்லை’, ‘நடை புகழுரையாக இருக்கிறது’ என்று இரண்டு அறிவிப்புகளை மேலே போட்டுவிட்டார்கள். நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. எல்லாமே அவருடைய மரபினர் நூல்களில் இருப்பவைதான். இப்போது என்ன செய்வது? அடுத்தடுத்து மற்ற ரபிகளைப் பற்றியும் எழுத ஆசை.

பதில்:

அறிவிப்புகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். கோபத்தில் அவற்றை நீக்கிவிடவும் வேண்டாம். அவை கட்டுரையைத் திருத்தச் சொல்கின்றன, அவ்வளவுதான். ஆளைத் தேர்ந்தெடுத்ததில் நீங்கள் சரியாகவே இருக்கிறீர்கள். எலிமெலெக் பற்றி அவருடைய மரபுக்கு வெளியே இருக்கும் வரலாற்று ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆகவே ‘குறிப்பிடத்தக்கமை’ (தனிக் கட்டுரை எழுதும் அளவு முக்கியத்துவம்) பற்றி யாரும் கேள்வி எழுப்ப மாட்டார்கள். சிக்கல் எழுதிய விதத்தில் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கட்டுரையின் முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: “பரிசுத்த மகான் ரபி எலிமெலெக் அவர்கள் எண்ணற்ற அற்புதங்களை நிகழ்த்தி மக்களின் துயர் துடைத்த மாபெரும் ஞானி.” இதைப் படித்தவருக்கு அவர் எந்த நூற்றாண்டுக்காரர், எந்த ஊர், என்ன எழுதினார் என்று ஒன்றும் தெரியாது. அதற்குப் பதிலாக இப்படித் தொடங்கிப் பாருங்கள்: “லிஜென்ஸ்கின் எலிமெலெக் (1717–1787) ஹசிதிய இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவர். மெசரிச்சின் தோவ் பேருடைய சீடர். இன்று போலந்தின் தென்கிழக்கில் லெஜாய்ஸ்க் என்று அழைக்கப்படும் ஊரில் வாழ்ந்து, கலீசியாவிலும் போலந்திலும் ஹசிதியம் வேரூன்றக் காரணமானவர். இவருடைய ‘நோஅம் எலிமெலெக்’ என்னும் நூல், இவர் மறைந்த அடுத்த ஆண்டு, 1788-இல் அச்சானது.” புகழ்ச்சிச் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவர் ஏன் முக்கியமானவர் என்பது தெளிவாகிவிடுகிறது. மரியாதைக்குத் தமிழில் ‘அவர்’, ‘எழுதினார்’ என்பதே போதும். ‘மகான்’, ‘அவர்கள்’, பெயருக்குப் பின்னால் போடும் எபிரேய ஆசிச் சுருக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ‘ரபி’ என்ற பட்டத்தை முதல் முறை சொன்னால் போதும்.

சரி, அற்புதங்களை என்ன செய்வது? பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒரு சாரார் அவற்றை நடந்த சம்பவங்களாகவே எழுதுகிறார்கள். இன்னொரு சாரார், கலைக்களஞ்சியத்தில் இதெல்லாம் எதற்கு என்று முழுதாக வெட்டிவிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே ஏற்பில்லை. எலிமெலெக்கின் முதன்மையான பங்களிப்பே, ‘ட்ஸாதிக்’ எனப்படும் நேர்மையாளர் கடவுளுக்கும் எளிய மக்களுக்கும் நடுவே நின்று இரண்டையும் இணைக்கிறார் என்ற கோட்பாட்டை விரித்துச் சொன்னதுதான். பிள்ளைப்பேறு, ஆயுள், பிழைப்பு ஆகிய மூன்றும் ட்ஸாதிக்கின் வேண்டுதலால் மக்களுக்குக் கிடைக்கும் என்பது அந்த நம்பிக்கையின் மையம். இதை ஒரு பத்தியில் விளக்கிவிட்டால், நோய் தீர்த்த கதையும் குழந்தை வரம் தந்த கதையும் ஏன் அவரைச் சுற்றி இவ்வளவு வளர்ந்தன என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். கோட்பாட்டைச் சொல்லாமல் கதைகளை மட்டும் அடுக்கியதால்தான் உங்கள் கட்டுரை புகழுரையாகத் தெரிகிறது.

கதையைச் சொல்லும்போது அதை யார் சொல்கிறார்கள், எப்போது எழுத்தில் வந்தது என்ற இரண்டையும் கூடவே சொல்லுங்கள். எலிமெலெக்கும் அவருடைய சகோதரர் ஸூஷாவும் மாறுவேடத்தில் ஊர் ஊராக அலைந்தார்கள் என்ற கதை மிகவும் பிரபலமானது. அதை “ஹசிதிய மரபுக் கதைகளின்படி” என்று தொடங்குங்கள். எந்தத் தொகுப்பு, எந்த ஆண்டு அச்சு என்று சான்று கொடுங்கள். ஏன் ஆண்டு முக்கியம் என்றால், இயக்கத்தின் நிறுவனராகக் கருதப்படும் பால் ஷெம் தோவ் மறைந்தது 1760-இல். அவரைப் பற்றிய கதைகளின் முதல் தொகுப்பு அச்சானதோ அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1814–15 வாக்கில். அதற்குப் பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 1860களில்தான் ஹசிதியக் கதைத் தொகுப்புகள் மளமளவென்று வெளிவரத் தொடங்கின. ஆகவே நீங்கள் கையில் வைத்திருக்கும் தொகுப்பு, அது சொல்லும் சம்பவத்துக்கு நூறு வருடம் பிந்தியதாக இருக்கக்கூடும். அதை வாசகருக்குத் தெரிவிப்பது நம் கடமை.

பால் ஷெம் தோவ் விஷயத்தில் ஆவணம் எவ்வளவு உதவுகிறது என்றும் பாருங்கள். அவர் வாழ்ந்த மெட்சிபிஷ் ஊரின் போலிஷ் வரிப் பதிவேடுகளில் அவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. யூத சமூகத்துக்குச் சொந்தமான வீட்டில் அவர் வரி விலக்குடன் குடியிருந்தார் என்று அதிலிருந்து தெரிகிறது. அதாவது, ஊரார் தங்கள் செலவில் வைத்துப் போற்றிய மனிதர். பிற்காலக் கதைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்தப் பதிவேட்டை வாசித்தாலே ஒரு மனிதர் கண்முன் வருகிறார். இப்படிப்பட்ட தகவல் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஒரு வரிதான் என்றாலும் கட்டுரைக்கு அது பெரிய பலம்.

மரபினர் கொண்டாடும் எல்லாமே கதை என்றும் நினைத்துவிடாதீர்கள். அவர்களுடைய வெளியீடுகளில் குடும்ப விவரம், சீடர் பெயர்கள், நூல்களின் பதிப்பு விவரம் எல்லாம் அக்கறையோடு பதிவாகியிருக்கும். ஆனால் சர்ச்சைக்குரிய இடத்தில் அவற்றை மட்டும் நம்பக்கூடாது. பால் ஷெம் தோவும் அவருடைய சீடர்களும் எழுதியவை என்று முதல் உலகப் போரை ஒட்டி வெளிவந்த கடிதக் கட்டு ஒன்று உண்டு. கெர்சன் கடிதங்கள் என்பார்கள். ஆய்வாளர்கள் பெரும்பாலும் அவற்றைப் போலி என்றே முடிவு செய்திருக்கிறார்கள். லுபாவிச் என்னும் ஹசிதிய மரபின் ஆறாவது ரெப்பேயோ (ரெப்பே என்றால் ஒரு ஹசிதிய மரபின் தலைவர்) அவற்றை உண்மையானவை என்று ஏற்றவர். அந்தக் கடிதங்களை மேற்கோள் காட்டும் நூல் உங்கள் கையில் சிக்கினால், இந்த இரு நிலைப்பாடுகளையும் எழுதாமல் கடக்க முடியாது.

எதிர்த்தரப்புக்கும் இதே அளவுகோல்தான். 1772-இல் வில்னாவின் (இன்றைய வில்னியஸ்) யூத சமூகத் தலைவர்கள் ஹசிதியர்களைச் சமூக விலக்கம் செய்தார்கள். அந்தக் காலத்துக் கண்டன நூல்களும் அறிக்கைகளும் காரசாரமானவை. அவற்றில் இருக்கும் வசையை நடந்ததாக எடுத்துக்கொள்வது, அற்புதத்தை நடந்ததாக எடுத்துக்கொள்வது மாதிரியேதான். 1901 முதல் 1906 வரை வெளியான பழைய யூதக் கலைக்களஞ்சியம் காப்புரிமை முடிந்து இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால் பலரும் அதை அப்படியே மொழிபெயர்க்கிறார்கள். ஹசிதியத்தை அது பார்க்கும் பார்வையில் அந்தக் காலத்து அறிஞர்களின் ஏளனம் கலந்திருக்கிறது. முடிந்தவரை புதிய ஆய்வுகளுக்குப் போங்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பற்றி யிவோ நிறுவனம் தொகுத்த கலைக்களஞ்சியம் இணையத்தில் இலவசம். துறை வல்லுநர்கள் பெயர் போட்டு எழுதியது. எலிமெலெக் கட்டுரையைத் திருத்த முதலில் அதையே திறங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவை மட்டும் சான்றாகக் கொடுக்காதீர்கள். அதன் அடிக்குறிப்பில் இருக்கும் மூல நூலைத் தேடிப் படித்து, படித்த பக்கத்தைக் கொடுங்கள். அங்கிருந்து மொழிபெயர்த்தால், தொகுப்புச் சுருக்கத்தில் (பக்கத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) மூலக் கட்டுரையின் இணைப்பைத் தர வேண்டும். அது உரிம விதி.

அடுத்தது தேதிகள். இந்தத் துறையில் அதிகம் பிழை நேரும் இடம் இதுதான். மரபு நூல்கள் எபிரேய நாட்காட்டியில்தான் நாள் சொல்லும். எலிமெலெக் மறைந்தது 5547 ஆதார் மாதம் 21ஆம் நாள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் லெஜாய்ஸ்கில் இருக்கும் அவர் கல்லறைக்கு உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். 5547-இலிருந்து 3760-ஐக் கழித்தால் 1787 வரும். நாள் மார்ச் 11. ஆனால் எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறக்கிறது. அன்றிலிருந்து டிசம்பர் முடிய வரும் நாட்களுக்கு 3761-ஐக் கழிக்க வேண்டும். பிரெஸ்லவின் நாஹ்மன் பிறந்தது 5532 நிசான் முதல் நாள், அதாவது 1772 ஏப்ரல் 4. மறைந்தது 5571 திஷ்ரி 18. இங்கேயும் 3760-ஐக் கழித்தால் 1811 வந்துவிடும். சரியான நாள் 1810 அக்டோபர் 16. தவிர, எபிரேய நாள் சூரியன் மறையும்போதே தொடங்கிவிடும். இரவில் நடந்த நிகழ்ச்சி என்றால் ஒரு நாள் முன்னே பின்னே போகும்.

ரஷ்யப் பேரரசில் பிறந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அங்கே 1918 வரை பழைய ஜூலியன் நாட்காட்டி. லுபாவிச் மரபின் ஏழாவது ரெப்பே மெனாஹெம் மெண்டல் ஷ்னியர்சன் பிறந்த நாளை ஒரு நூலில் 1902 ஏப்ரல் 5 என்றும் இன்னொன்றில் ஏப்ரல் 18 என்றும் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே நாள். 13 நாள் வித்தியாசம் நாட்காட்டியால் வந்தது. இது தெரியாமல் ஒருவர் மாற்ற, மற்றவர் திரும்ப மாற்ற, தொகுப்புப் போரே நடக்கும். எந்த நாட்காட்டி என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஊர்களும் அப்படித்தான். ஹசிதிய மரபுகள் ஊர்ப் பெயரால் அறியப்படுகின்றன, ஆனால் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் வழங்கும் பெயர் வேறு, அந்தந்த நாட்டின் பெயர் வேறு. கெர் என்பது போலந்தின் கூரா கல்வாரியா. ஸான்ஸ் என்பது நோவி ஸாஞ்ச். சத்மார் என்பது ருமேனியாவின் சத்து மாரே. நாடுகளும் மாறின. பெல்ஸ் ஊர் ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது, பிறகு போலந்தில், 1951-இல் நடந்த எல்லைப் பரிமாற்றத்தில் சோவியத் உக்ரைனுக்குப் போனது. அதனால் 19ஆம் நூற்றாண்டு பெல்ஸ் ரபியை ‘உக்ரைன் நாட்டவர்’ என்று தகவற்பெட்டியில் போட்டால் தவறாகிவிடும். அன்றைய ஆட்சிப் பகுதியைச் சொல்லி, இன்று அது எங்கே இருக்கிறது என்று சேர்த்துவிடுங்கள். மற்ற பெயர் வடிவங்களுக்கெல்லாம் வழிமாற்றுப் பக்கங்கள் உருவாக்குங்கள்.

ஆள் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். மறைந்த முன்னோர், குருமார் பெயரைக் குழந்தைக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் ஒரே பெயர் தலைமுறைதோறும் வருகிறது. உங்கள் கட்டுரையில் “இவருடைய சீடர் மெனாஹெம் மெண்டல்” என்று மட்டும் இருக்கிறது. எந்த மெனாஹெம் மெண்டல்? வித்தெப்ஸ்க்காரர் 1788-இல் மறைந்தார், ரிமனோவ்காரர் 1815-இல், கோட்ஸ்க்காரர் 1859-இல். லுபாவிச் மரபிலேயே அந்தப் பெயரில் மூன்றாம் ரெப்பேயும் ஏழாம் ரெப்பேயும் இருக்கிறார்கள். எலிமெலெக்கின் சீடர் ரிமனோவ்காரர். ஊரையும் ஆண்டையும் சேர்க்காமல் எந்தப் பெயருக்கும் உள்ளிணைப்புக் கொடுக்காதீர்கள்.

படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பால் ஷெம் தோவ் என்று இணையமெங்கும் சுற்றும் ஓவியம் அவருடையதே இல்லை. அது லண்டனில் வாழ்ந்த ஹயிம் சாமுவேல் யாகோப் ஃபால்க் என்பவருடையது. அவருக்கும் ‘பால் ஷெம்’ என்ற பட்டம் இருந்ததால் குழப்பம் வந்தது. எலிமெலெக் காலத்தில் புகைப்படம் கண்டுபிடிக்கப்படவே இல்லை. நீங்கள் போட்டிருக்கும் முகப்படத்தை எடுத்துவிட்டு, விக்கிமீடியா பொதுவகத்தில் இருக்கும் லெஜாய்ஸ்க் கல்லறைப் படத்தைப் போடுங்கள்.

அடுத்து யாரை எழுதலாம் என்றால், உயிரோடு இருப்பவர்களைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள் என்பேன். வாரிசுப் பூசல்கள் இந்த மரபுகளில் இன்றும் உயிரோட்டமானவை. சத்மார் ரெப்பே மோஷே தைதெல்பௌம் 2006-இல் மறைந்த பிறகு அவருடைய மகன்கள் ஆரோன், ஸல்மான் லெய்ப் இருவரையும் தனித்தனிச் சமூகங்கள் ரெப்பேயாக ஏற்றிருக்கின்றன. ‘உண்மையான வாரிசு’ யார் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. எந்தச் சமூகம் யாரை ஏற்கிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். உயிருடன் இருப்பவர் பற்றிச் சான்றில்லாத எதிர்மறை வரி ஒன்று இருந்தால்கூட யாரும் அதை உடனே நீக்கிவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும். எலிமெலெக்கின் சீடர்களிலேயே லுப்ளினின் யாகோப் இட்ஸ்ஹாக், கோஸ்னிட்ஸின் இஸ்ராயேல் என்று பெரிய ஆளுமைகள் இருக்கிறார்கள். இப்போது சேர்த்துவைக்கும் நூல்களே அவர்களுக்கும் பயன்படும்.

இப்போதைக்கு, கட்டுரையை உங்கள் மணல்தொட்டியில் (சோதனைப் பக்கத்தில்) ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு முதல் பத்தி, கோட்பாடு, சீடர்கள், மரபுக் கதைகள் என்ற வரிசையில் திருத்துங்கள். ஒவ்வொரு பத்திக்கும் குறைந்தது ஒரு சான்றாவது இருக்கட்டும். சான்று கிடைக்காத வரியை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள், பிறகு கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் திருத்திய வடிவத்தைக் கட்டுரையில் இட்டு, என்னென்ன மாற்றினீர்கள் என்று பேச்சுப் பக்கத்தில் எழுதி, அறிவிப்பு போட்டவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்றதும் அறிவிப்புகளை எடுத்துவிடலாம்.