பௌத்திரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆசனவாய் ஓரம் வந்த சீழ்க்கட்டியைக் கீறி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் கசிகிறது. மாத்திரையில் ஆறிவிடுமா? (திண்டுக்கல்)

ஆறாது. கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்காவது அது பௌத்திரமாக, அதாவது ஆசனவாயின் உள்ளே ஒரு துளையில் தொடங்கி வெளியே தோலில் திறக்கும் சீழ்ப் பாதையாக மாறும். ஆன்டிபயாடிக் சீழைச் சில நாள் அடக்கி வைக்கும், பாதையை மூடாது. எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு எந்த ஆபரேஷன் நல்லது? உடனே சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? வயது, ஸ்கேன் ரிப்போர்ட், முன்பு அறுத்தார்களா என்ற விவரம், எதுவுமே இல்லை. இப்படி எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அப்படியும் ஒருவர் சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

இரண்டு முறை ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்துவிட்டது. 'லேசர், ஒரே நாளில் நிரந்தரத் தீர்வு' என்று விளம்பரம் பார்த்தேன். போகலாமா? (சேலம்)

இந்த விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. லேசர் நல்ல கருவிதான், மலத்தை அடக்கும் சுருக்குத்தசையை வெட்டாது. ஆனால் பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் ஆறுகிறது. அதுவும் பாதை நேராக, கிளை இல்லாமல் இருந்தால்தான். 'நிரந்தரம்' என்று எழுத யாருக்கும் உரிமை இல்லை.

இரண்டு ஆபரேஷனுக்கு முன்னும் எம்.ஆர்.ஐ. எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. வெளியே ஒரு துளைதான் தெரியும். உள்ளே பாதை இரண்டாகப் பிரிந்திருக்கலாம், பின்பக்கம் குதிரைலாடம் போல வளைந்து இருபுறமும் ஓடலாம். ரிப்போர்ட்டில் ஆசனவாயைக் கடிகார முகமாக வைத்து இடத்தைக் குறிப்பார்கள். '6 மணி' என்று இருந்தால், மல்லாந்து படுத்த நிலையில் முதுகுத்தண்டு முனைப் பக்கம். '12 மணி' முன்பக்கம். உள்துளை எத்தனை மணியில், சுருக்குத்தசையில் எவ்வளவு பாதைக்குள் சிக்கியிருக்கிறது, கிளை உண்டா என்ற மூன்றும் தெரியாமல் கத்தி வைத்தால் ஒரு கிளை தப்பிவிடும், நோய் திரும்பும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தசை போகும். போன தசை வளராது. கடைசியில் வாயுவையும் மலத்தையும் அடக்க முடியாமல் போகும்.

தசை அதிகம் சிக்கியிருந்தால் அதை வெட்டாத வழிகள் உண்டு. 2007-இல் பாங்காக் மருத்துவர் அருண் ரோஜனசகுல் வெளியிட்ட லிஃப்ட் முறையில் உள், வெளி என்ற இரு சுருக்குத்தசைகளுக்கு நடுவே பாதையைக் கட்டி அறுக்கிறார்கள். சுமார் மூன்றில் இருவருக்குப் பலன் தருகிறது. உள்துளையை மலக்குடல் சவ்வால் மூடும் ஃப்ளாப் முறையும் உண்டு. எதுவானாலும் சரி, எம்.ஆர்.ஐ. இல்லாமல் மேசையில் ஏறாதீர்கள்.

செட்டான் நூல் போட்டு நான்கு மாதம் ஆகிறது. டாக்டர் மறந்துவிட்டாரா? (தஞ்சாவூர்)

செட்டான் என்பது பாதைக்குள் நுழைத்துக் கட்டும் நூல். தளர்வான நூல் சீழ் வடியத்தான். பாதை அடங்கிய பிறகே அடுத்த கட்டம். க்ரோன் நோய் (குடலில் நாள்பட்ட அழற்சி) இருந்தால் வருடக்கணக்கிலும் இருக்கும். நீங்களாக அறுத்துவிடாதீர்கள். அடுத்து என்ன செய்யப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள்.

ஆயுர்வேத காரநூல் சிகிச்சை நம்பகமானதா? (மதுரை)

நம்பலாம். இது மூலிகைக் காரம் பூசிய நூலைப் பாதைக்குள் கட்டும் முறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1991-இல் வெளியிட்ட ஆய்வில் ஆபரேஷனைவிட நோய் திரும்புவது குறைவாக இருந்தது. ஆற மட்டும் ஏறக்குறைய இரட்டிப்புக் காலம். ஆனால் அந்த நூலும் மெல்ல மெல்லத் தசையை அறுக்கத்தான் செய்கிறது. பாதை உயரத்தில் இருந்தாலோ, பெண்களுக்கு முன்பக்கம் இருந்தாலோ கவனம். அங்கே தசை குட்டை. இதற்கும் எம்.ஆர்.ஐ. வேண்டும்.

எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்ப மருத்துவமனை தனியாகப் பணம் கேட்கிறது. அவசியமா? (வேலூர்)

அவசியம். நம் நாட்டில் காசநோயாலும் பௌத்திரம் வரும், அதைக் கண்டுபிடிக்கத்தான் சதையைச் சோதிக்கிறார்கள். அப்படியானால் குறைந்தது ஆறு மாத மருந்து வேண்டும். அது இல்லாமல் எத்தனை முறை அறுத்தாலும் புண் ஆறாது.