செயலி கண்டுபிடிக்குமா?

கேள்வி: பிளஸ் 1 படிக்கும் என் மகன், காலிங்கராயன் வாய்க்கால் பற்றிய ப்ராஜெக்டை சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கி, அப்படியே பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறான். எட்டாம் வகுப்பு வரை அவனுக்கு மாடல்களெல்லாம் நான்தான் செய்து கொடுத்தேன். அது உதவி, இது திருட்டு அல்லவா? இதைக் கண்டுபிடிக்க நல்ல செயலி ஒன்றைச் சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, ஈரோடு

பதில்: மகன் செய்தது உங்களுக்கே தெரிந்திருக்கும்போது துப்பறியச் செயலி எதற்கு? சாட்ஜிபிடியை 2022 நவம்பரில் வெளியிட்ட ஓப்பன்ஏஐ நிறுவனம், கணினி எழுதியதை அடையாளம் காட்டும் கருவி ஒன்றை 2023 ஜனவரியில் கொண்டுவந்து, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையிலேயே, கணினி எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தின் மீது வீண்பழி போட்டது. இந்த லட்சணத்தில் உள்ள சாட்சியை நம்பி எந்த ஆசிரியரும் ஒரு மாணவனைக் கூண்டில் ஏற்றக் கூடாது.

இனி, உதவிக்கும் திருட்டுக்கும் வருவோம். நள்ளிரவு வரை தெர்மாகோலை வெட்டி ஒட்டியது நீங்கள். மறுநாள் வகுப்பில் அதை "நானே செய்தேன்" என்று நீட்டியது அவன். அன்று அப்பா செய்த வேலையை இன்று கைப்பேசி செய்கிறது, அவ்வளவுதான். இதில் உங்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பள்ளி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் பெயரை மட்டும் மாற்றி ப்ராஜெக்ட் விற்கப்படுவது ஆசிரியர்கள் அறியாததா? நம் கொங்குப் பகுதியின் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தார்கள். 2017-18 கல்வியாண்டில் அரசு பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மதிப்பெண் வந்தால் போதும், வந்த வழியை யாரும் கேட்கமாட்டார்கள் என்ற பாடத்தைப் பிள்ளைகள் கைப்பேசியிடம் கற்கவில்லை.

சாட்ஜிபிடியிடம் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அது எழுதித் தந்ததைத் தன் எழுத்து என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதுதான் தவறு. மகனை உட்காரவைத்து, பிரிண்டைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, அதில் உள்ளதையே கேளுங்கள். பவானியில் பிரிந்து கொடுமுடி அருகே ஆவுடையார்பாறை வரை செல்லும் வாய்க்கால் ஏன் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது? சாயக்கழிவு அதில் கலக்காமலிருக்கப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் வெட்டினார்களே, அது பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரியாவது இருக்கிறதா? வாய்க்கால் உங்கள் ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. கரையோரம் மஞ்சள் பயிரிடும் ஒரு விவசாயியிடம் அரை மணி நேரம் பேசினால் கிடைக்கும் செய்தி, அந்த வழவழப்பான பக்கங்களில் இருக்காது.

அவனால் பதில் சொல்ல முடியவில்லையென்றால், நேரில் பார்த்துவிட்டு வந்து நான்கே பக்கமானாலும் தன் கையால் எழுதட்டும்; யாரிடம், எதனிடம் உதவி பெற்றான் என்பதைக் கடைசிப் பக்கத்தில் குறிப்பிடட்டும். அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணில் ஒன்றிரண்டு குறையலாம். குறைந்தால், கூட்டித் தரச் சொல்லி நீங்கள் பள்ளிக்குப் போய் நிற்காதீர்கள்.