குனிகார்னுக்கு விண்டோஸ் ஆகாதா?

கேள்வி: எங்கள் நூற்பாலைக்காக ஜாங்கோவில் (வலைச் செயலிகள் கட்டும் பைத்தான் சட்டகம்) வருகைப்பதிவு மென்பொருள் எழுதினேன். அலுவலகத்தில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் சர்வர். அதை ஓட்டுவதற்கான வலைச் சர்வர் மென்பொருளான குனிகார்னைத் தொடங்கினால், ‘எஃப்.சி.என்.டி.எல். என்ற மாட்யூல் இல்லை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. லினக்ஸுக்கு மாற நிர்வாகம் சம்மதிக்கவில்லை. கட்டற்ற மென்பொருள்காரர்கள் விண்டோஸை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்களா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கோபம் சரி, ஆள்தான் மாறிவிட்டது. ஜாங்கோவுக்கு விண்டோஸோடு எந்தப் பகையும் இல்லை. முரண்டு பிடிப்பது குனிகார்ன். ஒரு தாய்ப் புரோசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தன்னைப் போலவே பல குட்டிகளை ஈனுகிற ‘ஃபோர்க்’ என்னும் யூனிக்ஸ் வித்தையை நம்பி எழுதப்பட்டது அது. விண்டோஸில் அந்த வித்தையும் கிடையாது, உங்களுக்குப் பிழை காட்டிய யூனிக்ஸ் மாட்யூலான எஃப்.சி.என்.டி.எல்.லும் கிடையாது.

அதை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் வெயிட்ரஸ் என்ற சர்வரை நிறுவுங்கள். முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டது. குட்டி போடாமல், ஒரே புரோசஸுக்குள் ஓடும் த்ரெட்களை (வேலை இழைகளை) வைத்தே சமாளிக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 4 த்ரெட்கள். குனிகார்ன், வெயிட்ரஸ் இரண்டுமே ஜாங்கோவிடம் டபிள்யு.எஸ்.ஜி.ஐ. என்ற 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படிதான் பேசுகின்றன. (‘விஸ்கி’ என்று உச்சரிப்பார்கள், மேலாளர் முன்னால் வேண்டாம்.) ஆகவே சர்வரை மாற்றுவதற்காக உங்கள் நிரலைத் தொட வேண்டியதில்லை.

என் அனுபவம் ஒன்று. ஒரு சிறு தொழிற்சாலையில் வெயிட்ரஸைக் கறுப்புத் திரையில் (கட்டளை ஜன்னலில்) தொடங்கிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினேன். மறுநாள் காலை எதுவும் ஓடவில்லை. ‘ஏதோ வேண்டாத ஜன்னல்’ என்று கணக்காளர் மூடியிருந்தார்! என்.எஸ்.எஸ்.எம். போன்ற கருவியால் வெயிட்ரஸை, ஜன்னல் இல்லாமல் பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸாக மாற்றிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இன்னொன்று: ஜாங்கோவின் ‘டீபக்’ (பிழை தேடும்) அமைப்பை அணைத்ததும் பக்கங்கள் அலங்காரமில்லாமல் மொட்டையாகத் தெரியும். பதறாதீர்கள். சி.எஸ்.எஸ்., படக் கோப்புகளை வெயிட்ரஸ் தானாகப் பரிமாறாது, அந்த வேலைக்கான வைட்நாய்ஸ் என்ற பைத்தான் நூலகத்தைச் சேருங்கள்.

ஒதுக்குகிறார்களா என்றால், பெரும்பாலும் ஆள் இல்லை என்பதே உண்மை. 2016-இல், பின்னணி வேலைகளை ஓட்டும் பைத்தான் கருவியான செலரி தன் 4.0 பதிப்பில் விண்டோஸ் ஆதரவைக் கைவிட்டது. அப்போதும் சோதனைகள் விண்டோஸில் தேறிக்கொண்டுதான் இருந்தன. பழுது வந்தால் அங்கே உட்கார்ந்து கண்டுபிடிக்க எங்களால் இயலாது என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. எனவே இரவில் வருகைக் கணக்கைத் தொகுக்கச் செலரியைப் போடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜாங்கோவில் ஒரு மேனேஜ்மென்ட் கட்டளை (கட்டளை ஜன்னலிலிருந்து ஓட்டக்கூடிய சிறு நிரல்) எழுதி, விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிடம் நேரத்தைச் சொல்லிவிட்டால் போதும்.