கனடா குடிவரவு: கோண்டாவிலிலிருந்து பதில்கள்

ரொறன்ரோவில் அகதி வழக்குகளுக்கு நீண்ட காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு இப்போது கோண்டாவிலில் இருக்கிறேன். கனடா குடிவரவு பற்றிக் கேளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. "மாமா போனார், அக்கா போனாள்" என்று எழுதினால், எந்த ஆண்டு என்றும் எழுதுங்கள். ஆண்டு இல்லாத கதைக்கு என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் நிரப்பித் தரமாட்டேன். காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்ய உரிமம் உள்ள ஆலோசகர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குத்தான் உரிமை.

நல்லூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: மலாயாவுக்கும் இலண்டனுக்கும் போன எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் கனடாவுக்கு ஏன் போகவில்லை?

விடவில்லை, அம்மா. மலாயாவில் ரயில்வேக்கும் கந்தோருக்கும் ஆங்கிலம் படித்த ஆட்கள் வேண்டியிருந்தது, கூப்பிட்டார்கள். கனடாவும் அதே பிரித்தானிய முடியின் கீழ்தான் இருந்தது. ஆனால் 1908இல் ஒரு விதி போட்டார்கள்: பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேராக வந்தால்தான் இறங்கலாம். "இந்தியர்" என்ற சொல் அதில் கிடையாது, ஆனால் மறித்தது அவர்களைத்தான். 1914இல் கொமகத மாரு கப்பலில் 376 பேர் வன்கூவர் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தி வைத்து, மிகச் சிலரைத் தவிர எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். சீனருக்கு வேறு முறை. 1885இல் தலைக்கு 50 டொலர் வரி, 1903இல் அது 500. 1923இல் கதவையே சாத்தி, 1947 வரை திறக்கவில்லை.

எங்கள் கணக்கைக் கேளுங்கள். 1951இல் கனடா ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு ஆண்டுக்கு 150 பேர், பாகிஸ்தானுக்கு 100, இலங்கைக்கு 50 என்று ஒதுக்கியது. தமிழர், சிங்களவர், பறங்கியர் எல்லோரும் சேர்ந்துதான் அந்த 50. அதே ஆண்டுகளில் பிரித்தானியரும் ஒல்லாந்தரும் இத்தாலியரும் கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

1962இல் விதிகளிலிருந்து நிறவேற்றுமையைப் பெரும்பாலும் எடுத்தார்கள். 1967இல் புள்ளி முறை வந்தது, 100க்கு 50 எடுத்தால் போதும். எங்கள் பொறியியலாளரும் வைத்தியரும் கணக்காளரும் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கியது அப்போதுதான். கனடாவின் மனம் மாறியது என்று சொல்வார்கள். ஐரோப்பா செழித்து, அங்கிருந்து வருபவர்கள் குறைந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சாவகச்சேரி: அண்ணை, 2023இல் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் விசிட் விசாவில் போய்விட்டினம். எனக்கு இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள். நான் என்ன குறை?

ஆண்டு போட்டதற்கு நன்றி, தம்பி. உங்களில் குறை இல்லை, ஆண்டில்தான். கொரோனாவுக்குப் பிறகு விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்து கிடந்தன. அதைக் கரைப்பதற்காக 2023 பெப்ரவரியில் கனடா ஒரு தற்காலிகச் சலுகை கொடுத்தது. 2023 ஜனவரி 16க்குள் போட்ட விசிட் விண்ணப்பங்களுக்கு, திரும்பி வருவேன் என்று நிரூபிக்கத் தேவையில்லை, கையில் போதிய காசு காட்டவும் தேவையில்லை. அந்த ஆண்டு முடிவோடு சலுகையும் முடிந்தது. பெய்த மழைக்கு ஏஜென்சிக்காரன் காசு வாங்கினான், அவ்வளவுதான் நடந்தது.

மூன்றாம் தரமும் அதே கடதாசிகளைப் போட்டால் அதே பதில்தான் வரும். முதலில், தகவல் கோரிக்கை போட்டு, உங்கள் கோப்பில் அதிகாரி எழுதிய குறிப்பை எடுங்கள். 2025 ஜூலைக்கு முதல் வந்த மறுப்புக் கடிதங்களில் இருந்தது அச்சடித்த வாசகம்தான். உண்மைக் காரணம் கோப்பில் இருக்கும்.

கொடிகாமம்: விசிட் விசாவுக்கு ஏஜென்சி முற்பணமாகக் காணி உறுதியைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

ஸ்காபறோ: நான் 1987இல் வந்தவன். நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இப்போது விசிட் விசாவில் சூட்கேசோடு வந்து இறங்கி, அடுத்த கிழமையே அகதிக் கேஸ் போடுகிறார்கள். எங்கள் பெயர்தான் கெடுகிறது. கனடா ஏன் இன்னும் கதவைச் சாத்தவில்லை?

இந்தக் கேள்வியைத்தான் காத்திருந்தேன்.

நீங்கள் வருவதற்கு முதல் ஆண்டு, 1986 ஓகஸ்டில், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்துக் கரை சேர்த்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியிலிருந்து என்று பிறகு தெரியவந்தது. அன்றைக்குக் கனடாவில் எழுந்த சத்தம் தெரியுமா? பொய் சொன்னவர்கள், வரிசையை மீறியவர்கள், ஜேர்மனியில் என்ன உயிராபத்து என்றெல்லாம். நீங்கள் இன்றைக்கு எழுதியிருப்பது அதேதான். அன்றைய பிரதமர் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பாமல் ஓராண்டு அனுமதி கொடுத்தது.

இன்னொன்று. 1985 வரை அகதிக் கோரிக்கையை முடிவு செய்பவர், கேட்டவரின் முகத்தைப் பார்க்கவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவார், இன்னொருவர் அந்தக் கடதாசியை வாசித்து மறுப்பார். சீக்கியர் சிலரும் இன்னொருவரும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சிங் தீர்ப்பு என்று பெயர், 1985 ஏப்ரல். அகதி கேட்பவரை நேரில் இருத்தி விசாரிக்கவேண்டும் என்றது நீதிமன்றம். உங்கள் விசாரணை மேசை அப்படி வந்தது. 1987இல் நீங்கள் நுழைந்த கதவை வேறு யாரோ வழக்காடித் திறந்தார்கள்.

மொன்றியல்: மன்னிக்கவேணும் ஐயா. 83 கலவரத்துக்குப் பிறகு கனடா எங்களை எடுத்தது மனிதாபிமானத்தால். நீங்கள் எல்லாவற்றையும் கோர்ட்டில் கொண்டுபோய்ப் போடுகிறீர்கள்.

பாதி சரி. 1983க்குப் பிறகு இலங்கையருக்கென்று தனிச் சலுகைகள் இருந்தன, கனடாவில் உறவினர் இருந்தவர்களுக்கு இளக்கம் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதாபிமானம் அமைச்சரோடு மாறும், தீர்ப்பு அப்படி மாறாது. 2010இல் சன் சீ என்ற கப்பலில் எங்கள் ஆட்கள் 492 பேர் வந்தபோது மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். 2012இல் அப்படிக் கூட்டமாக வருபவர்களுக்கென்று கடும் சட்டம் கொண்டுவந்தார்கள். 1986இல் படகைக் கரையேற்றிய அதே நாடுதான்.

ஸ்காபறோ, மறுபடியும்: எங்களுக்கு உயிர்ப் பயம் இருந்தது. இவர்களுக்கு என்ன பயம்?

சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் விசாரணை. நான் அந்த அறையில் இருந்தவன், இரண்டு வகையையும் கண்டிருக்கிறேன். உங்கள் காலத்திலும் இரண்டு வகையும் இருந்தன, அண்ணை.

நீங்கள் எந்த வழியால் வந்தீர்கள் என்று எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் வந்த பலரைப்போல அமெரிக்காவுக்குள் இறங்கி பஃபலோ பாலத்தால் என்றால், கனடாவும் அமெரிக்காவும் செய்து 2004 கடைசியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி இன்று அந்தப் பாலத்திலேயே திருப்பிவிடுவார்கள். கனடாவில் நெருங்கிய உறவு இருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 2023 மார்ச்சிலிருந்து காட்டுவழியால் நடந்து வந்தாலும் அதே விதி, பதினான்கு நாளுக்குள் அகதி கேட்டால் திருப்பி அனுப்பலாம். இதோடு இந்தப் பேச்சை நிறுத்துவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மானிப்பாய்: மகனை ஸ்டூடன்ட் விசாவில் அனுப்ப யோசனை. மச்சானின் மகன் அப்படிப் போய் பிஆர் (நிரந்தர வதிவிடம்) எடுத்தவன்.

எந்த ஆண்டு? எழுதவில்லை. 2024 ஜனவரிக்கு முதல் என்றால் அதை மறந்துவிடுங்கள். அந்த மாதம்தான் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. கல்விக் கட்டணம் போக, வாழ்க்கைச் செலவுக்கென்று காட்டவேண்டிய காசு 10,000 டொலரிலிருந்து 20,635 ஆனது, பிறகு இன்னும் ஏறியது. நிரந்தர வதிவிட இடங்களையும் வெட்டினார்கள். 2025க்கு 5 இலட்சம் என்றிருந்த இலக்கை 3 இலட்சத்து 95 ஆயிரமாக்கினார்கள். படித்து முடித்தால் வேலை அனுமதி கிடைக்காத பாடநெறிகளும் நிறைய. கல்லூரியின் பெயரைப் பார்க்காதீர்கள், எந்தப் பாடநெறி என்று பாருங்கள். பிஆர் நிச்சயம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உரும்பிராய்: வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறோம், எல்எம்ஐஏ காசை நாங்கள்தான் கட்டவேண்டும் என்கிறார்கள்.

எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் மதிப்பீடு. அந்தக் கட்டணம் முதலாளி கட்டுவது. தொழிலாளியிடம் வாங்குவது அங்கே சட்டவிரோதம். அப்படிக் கடிதங்கள் விலைபோனதால்தான் 2025 மார்ச்சில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற, புள்ளி பார்த்து நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் எடுக்கும் முறையில் வேலைக் கடிதத்துக்கான புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். காணி உறுதி பற்றி மேலே சொன்னது உங்களுக்கும்தான்.

ஊர்காவற்றுறை: மகள் அங்கே. எங்களை ஸ்பொன்சர் பண்ண ஏலாது என்கிறாள். உண்மையா, சாட்டா?

உண்மை, பிள்ளையைக் கோபிக்காதீர்கள். பெற்றோர் ஸ்பொன்சருக்குக் குலுக்கல் போலத்தான் ஆட்களை எடுத்தார்கள், 2025இலும் 2020இல் பெயர் கொடுத்தவர்களிலிருந்துதான் அழைத்தார்கள். பெற்றோருக்கான நீண்ட கால விசிட் விசாவான சூப்பர் விசா கேட்டுப் பாருங்கள். ஒரு தரம் போனால் ஐந்து ஆண்டு வரை நிற்கலாம். மகளுக்குப் போதிய வருமானமும், உங்களுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதியும் வேண்டும்.

சுன்னாகம்: விசிட் விசா இப்போது கிடைக்குமா?

சாவகச்சேரித் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

பருத்தித்துறை: விசிட் விசாவுக்கு வங்கியில் எவ்வளவு காட்டவேண்டும்?

அதையே வாசியுங்கள். கடன் வாங்கிப் போட்ட காசு அதிகாரியின் கண்ணுக்குத் தெரியும்.

கரவெட்டி: லண்டன் கேர் விசா பற்றி...

என் துறை இல்லை.

யாழ்ப்பாணம், தாதி உத்தியோகத்தர், வயது 29: ஏஜென்சி எதுவும் இல்லாமல் நானே விண்ணப்பிக்க முடியுமா?

முடியும், தங்கச்சி. இன்றைக்கு வந்த கேள்விகளில் இது ஒன்றுதான் ஆளைத் தேடாமல் வழியைத் தேடுகிறது. 2023இலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் துறைவாரியாகவும் அழைக்கிறார்கள், சுகாதாரம் அதில் ஒன்று. ஆங்கிலத் தேர்வை எழுதுங்கள், பட்டத்தைத் தகுதி மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். தாதியாக வேலை செய்ய மாகாணத் தாதியர் சபையின் பதிவு வேறாக வேண்டும், அதை இங்கிருந்தே தொடங்கலாம். முப்பதிலிருந்து வயதுப் புள்ளி குறையத் தொடங்கும், ஆறப்போடாதீர்கள்.

பிரெஞ்சு படிக்க மனமிருந்தால் படியுங்கள். கனடாவில் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கான அழைப்புகளில் 500 புள்ளிக்கு மேல் கேட்ட காலத்திலேயே, 2025 மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான ஒரு சுற்று 379 வரை இறங்கியது. பாரிசில் சித்தப்பா இருப்பது இதில் சேராது, தெஃப் கனடா போன்ற பிரெஞ்சுத் தேர்வு எழுதவேண்டும். பெறுபேறுகள் வந்ததும் எழுதுங்கள், அந்த ஆண்டின் விதியைப் பார்த்துச் சொல்கிறேன்.