டீச்சரிடம் கேளுங்கள்: புத்தகம் போட நாம் ஏன் காசு கட்ட வேண்டும்?

பெண்கள் எழுதியதைப் புத்தகமாக்குவது பற்றிக் கேட்டு எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘பெயர் போட வேண்டாம்’ என்ற குறிப்போடு வந்தன. அதனால் எல்லோருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் போடுகிறேன். எல்லாம் கேரள எல்லைக்குள், பாலக்காடு மாவட்டத்தில், தமிழ் பேசும் நம் ஊர்கள்தான்.

கேள்வி: டீச்சர், நான் பத்தாவது படித்தவள், வயது 46. வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். ஆழியாறு தண்ணீர் வருமா வராதா என்று எங்கள் வாய்க்காலின் கடைமடையில் காத்துக் கிடந்த வருஷங்களை வைத்து ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். நாலு நோட்டு, 380 பக்கம். ஒரு பதிப்பகத்துக்கு முதல் ஐந்து பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். அரை மணி நேரத்தில், ‘அருமையாக வந்திருக்கிறது, 48,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதத்தில் புத்தகம்’ என்று பதில் வந்தது. வீட்டுக்காரர் மாட்டை விற்றுக் கட்டிவிடலாம் என்கிறார். கட்டட்டுமா? (எருத்தேன்பதி)

பதில்: கட்டாதீர்கள். மாடு கட்டுத்தறியிலேயே இருக்கட்டும்.

380 பக்க நாவலை ஐந்து பக்கத்தில் படித்து முடித்தவர் உங்கள் எழுத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை அம்மா. உங்களிடம் 48,000 ரூபாய் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் மாட்டை விற்கிறேன் என்று சொன்ன மனசு பெரிய மனசு. அந்த மனசைத்தான் இவர்கள் விலை பேசுகிறார்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதை இதுவரை இந்தப் பகுதியில் எழுதியதில்லை. 1997-ல் என் 14 சிறுகதைகளைப் புத்தகமாகப் போட்டுத் தருகிறேன் என்றார் ஒருவர். என் நாலு பவுன் சங்கிலியைப் பாலக்காடு பக்கத்துச் சித்தூரில் அடகு வைத்து 11,000 ரூபாய் கொடுத்தேன். பேசியது 500 பிரதி. எட்டு மாதம் கழித்துப் பொள்ளாச்சி லாரி ஆபீஸில் பார்சல் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். நானும் என் தம்பியும் போய்ச் சணல் கயிறு போட்டுக் கட்டிய கட்டுகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தோம். எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பிரித்துக் காட்டச் சொன்னார்கள். என் புத்தகத்தை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான், ஒரு போலீஸ்காரர் கையில். அட்டையில் குத்துவிளக்கு ஏற்றும் ஒரு பெண். கதைகளில் எங்கேயும் விளக்கு இல்லை. என் பெயரும் இல்லை. ‘திருமதி’ போட்டு, என் வீட்டுக்காரர் பெயர் இருந்தது.

வீட்டுக்கு வந்து எண்ணினால் 300. பிரித்துப் படித்தால் 32-ஆம் பக்கத்துக்குப் பிறகு மறுபடியும் 17. ஒரு பாரம் என்பது 16 பக்கம். இரண்டாவது பாரத்தை இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு மூன்றாவது பாரத்தை விட்டிருக்கிறார்கள். 33 முதல் 48 வரை எந்தப் பிரதியிலும் இல்லை. அந்தப் பக்கங்களில்தான் என் அம்மாவைப் பற்றிய கதை இருந்தது.

எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டேன். ‘அச்சகத்தில் நடந்தது, அடுத்த பதிப்பில் சரி பண்ணிடலாம்மா’ என்றார். கையெழுத்துப் பிரதியிலிருந்து அந்தப் பக்கங்களைத் திரும்ப டைப் அடித்து, ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் மடித்துச் சொருகினேன். 150 பிரதிக்குச் சொருகியதும் கையில் இருந்த காசு தீர்ந்தது. மீதிக் கட்டுகள் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் கட்டிலடியில் கிடந்து பூச்சி அரித்துப் போயின.

அவர் செய்ததைவிட நான் செய்யாததுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. 11,000 ரூபாய்க்கு ஒரு ரசீது நான் கேட்கவில்லை. எத்தனை பிரதி, எப்போது, யாருக்கு என்ன உரிமை என்று ஒரு வெள்ளைத் தாளில்கூட எழுதி வாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிஎஃப் கணக்கில் ஏழு ரூபாய் குறைந்ததற்கு ஏஇஓ (உதவிக் கல்வி அதிகாரி) ஆபீஸ் வரை போய்ச் சண்டை போட்டவள் நான். ஆனால் என் எழுத்து என்று வந்ததும் வாய் அடைத்துவிட்டது. நம்மையும் மதித்து ஒருவர் புத்தகம் போடுகிறாரே, அவரிடம் எப்படிக் கணக்குக் கேட்பது என்ற கூச்சம். இந்தக் கூச்சத்தை உங்கள் கடிதத்திலும் பார்க்கிறேன். ‘அவர்கள் கேட்பதும் நியாயம்தானே டீச்சர்’ என்று கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். நியாயம் இல்லை. புத்தகத்துக்கு முதல் போடுவது பதிப்பாளர் தொழில். விற்ற பிரதிக்கு உங்களுக்குத்தான் அவர் ராயல்டி தர வேண்டும். விலையில் பத்து சதவீதம் என்பது பரவலாக உள்ள வழக்கம்.

இனி செய்ய வேண்டியது. நாலு நோட்டையும் யூனிகோடில், அதாவது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஃபோனிலும் படிக்க முடிகிற எழுத்து முறையில், தட்டச்சு செய்யுங்கள். நோட்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பிறகு உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய் உங்கள் நாவலைப் போல மண்ணையும் தண்ணீரையும் பேசுகிற நாவல்களை எடுத்து, முதல் பக்கத்தைத் திருப்பி யார் போட்டது என்று பாருங்கள். உங்கள் நாவலுக்கு அண்ணன் தங்கை மாதிரி இருக்கிற புத்தகங்களை ஏற்கெனவே போட்டவர்தான் உங்களுடையதையும் படிப்பார். எதிர் வெளியீடு நமக்குப் பக்கத்தில் பொள்ளாச்சியிலேயே இருக்கிறது. காலச்சுவடு நாகர்கோவிலில். பெண்களின் எழுத்துக்கு இடம் கொடுக்கவே தொடங்கிய ஹெர் ஸ்டோரீஸ் சென்னையில். வாசலைக் காட்டத்தான் என்னால் முடியும், உள்ளே எடுப்பது அவர்கள் முடிவு. முதல் மூன்று அத்தியாயம், முழுக் கதையும் ஒரு பக்கத்தில், உங்களைப் பற்றி நாலு வரி. இவ்வளவு போதும். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்காக மார்கழி முடியும் வரை அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மாசி, பங்குனியில் அனுப்புங்கள். மூன்று மாதம் பொறுத்துவிட்டு ஒரு நினைவூட்டல். பதில் இல்லையென்றால் அடுத்த வாசல்.

எடுத்துக்கொள்கிறோம் என்றால் ஒப்பந்தம் கேளுங்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தின் உரிமை முதலில் உங்களுடையது. நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் அது கைமாறும். எத்தனை வருஷம் என்று அதில் எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். ‘முழு உரிமையும்’ என்ற சொல் இருந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், சினிமா மூன்றும் தனித்தனி உரிமைகள். அதிலும் மலையாள உரிமையை லேசில் விட்டுக்கொடுக்காதீர்கள். மணக்கடவுக்கு மேற்கே, கேரள எல்லைக்குள், அந்த ஆழியாறு தண்ணீருக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில்தான் படிப்பார்கள்.

எல்லா வாசலும் மூடிவிட்டால் அப்போது உங்கள் காசில் போடலாம். ஆனால் அதை உங்கள் பதிப்பாகப் போடுங்கள். அச்சகத்தில் நேராகப் பேசினால் இப்போது 50 பிரதிகூட அடித்துத் தருகிறார்கள். செலவு எவ்வளவு, புத்தகம் எங்கே இருக்கிறது என்று இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொந்தமாகப் போடுவது குறைச்சல் என்று யாராவது சொன்னால் வை.மு.கோதைநாயகி அம்மாளைச் சொல்லுங்கள். ஐந்து வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் பார்க்கவில்லை, முதல் நாடகத்தைத் தோழியிடம் வாயால் சொல்லி எழுத வைத்தவர். 1925-ல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தி அதில் தன் நாவல்களை வெளியிட்டார். மொத்தம் 115 நாவல்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் பின்னட்டையில் போடும் அடையாள எண்) வாங்கித் தர 5,000 ரூபாய் கேட்கிறார்கள். சரிதானா? (கொழிஞ்சாம்பாறை)

பதில்: சரியில்லை. அந்த எண்ணைக் கொடுப்பது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை, மத்திய அரசின் கல்வி அமைச்சகத்தின் கீழ் வருவது. இணையத்தில் விண்ணப்பித்தால் சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளருக்கும் இலவசமாகவே தருகிறார்கள்.

கேள்வி: நான் சித்தூர் காலேஜில் தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். கவிதை எழுதுவது வீட்டுக்குத் தெரியாது. வேறு பெயரில் புத்தகம் வந்தால் தப்பா? (மீனாட்சிபுரம்)

பதில்: தப்பே இல்லை கண்ணு. துவரங்குறிச்சியில் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதி, சல்மா என்ற பெயரில் அச்சேறினார். கவிதைத் தொகுப்பு 2000-ல் காலச்சுவடில் வந்தது. அடுத்த வருஷமே பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் ஆனார். பெயரை மாற்று, ஆனால் ஒப்பந்தத்தில் மட்டும் ஆதார் அட்டையில் உள்ள பெயரைப் போட்டு, புனைபெயர் இது என்று சேர்த்து எழுதச் சொல். நாளைக்கு ராயல்டி வரும்போது பாங்கில் நிற்கப்போவது நீதான்.

கேள்வி: டீச்சர், என் கதைகளைப் பார்த்த ஒரு எடிட்டர் ‘மலையாள வாடை அடிக்கிறது, சுத்தமான தமிழுக்கு மாற்றினால் பார்க்கலாம்’ என்கிறார். பறம்பு, சாயா (டீ), அயல்கூட்டம் (பெண்கள் சுயஉதவிக் குழு) எல்லாவற்றையும் அடித்திருக்கிறார். மாற்றட்டுமா? (வேலந்தாவளம்)

பதில்: மாற்றாதீர்கள். எடிட்டர் சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் உண்டு. ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லியிருப்பது, நடுவில் ஒரு பாத்திரம் காணாமல் போவது, ஒருமை பன்மை மயக்கம், இதையெல்லாம் சுட்டினால் நன்றி சொல்லித் திருத்துங்கள். ஆனால் பறம்பைத் தோட்டம் என்று மாற்றினால் அது வேறு இடம். நம் வீட்டைச் சுற்றி நாலு தென்னை, ஒரு பலா, கிணறு, மாட்டுச்சாலை, பின்னால் பாட்டியைப் புதைத்த மூலை, எல்லாம் சேர்ந்தது பறம்பு. அதற்கு உடுமலையில் வேறு சொல் இருக்கலாம், உங்கள் கதை நடப்பது வேலந்தாவளத்தில்.

பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது அவர் தெருவில் பேசிய பேச்சிலேயே இருந்தது. போட்டது பெரிய பதிப்பகம் இல்லை, மதுரையில் உள்ள ஒரு சமூக ஆய்வு மையம். அந்தப் பேச்சை ‘சுத்தம்’ செய்திருந்தால் அந்தப் புத்தகமே இல்லை. ஆங்கிலத்துக்குப் போய் அங்கேயும் விருது வாங்கியது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நாம் பாதித் தமிழர், இங்கே மலையாளிகளுக்கு நாம் ‘பாண்டி’, அதாவது தமிழ்நாட்டுக்காரர். நம் பேச்சை நாமே அடித்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் எதை வைத்து எழுதுவது? அந்த எடிட்டருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள்: இந்தச் சொற்கள் இருக்கட்டும், மற்றதைப் பேசுவோம். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கதைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அயல்கூட்டத்தில் நாங்கள் ஐந்து பேர் எழுதுகிறோம். ஒருத்தி பாட்டு, ஒருத்தி வைத்தியக் குறிப்பு, மூன்று பேர் கதை. ஊறுகாய் போட்டு விற்கிறோம், புத்தகம் போட முடியாதா? (வடகரப்பதி)

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முடியும். 1945-ல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் சேர்ந்து, 120 ரூபாய் முதலில் சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுதுகிறவர்களே தங்கள் புத்தகத்தைப் போட்டு, தங்களுக்கே நியாயமான பங்கு கொடுத்துக்கொள்ளும் கூட்டுறவு. மலையாள எழுத்தாளர் எழுத்தை நம்பி வாழலாம் என்ற நிலைமை வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தில்லியில் ஊர்வசி புட்டாலியா, ரிது மேனன் என்ற இரண்டு பெண்கள் 1984-ல் ‘காளி ஃபார் விமன்’ தொடங்கினார்கள், பெண்களின் புத்தகங்களுக்கென்றே. 2003-ல் அது இரண்டாகப் பிரிந்தது, இரண்டும் பதிப்பகமாகவே தொடர்ந்தன.

உங்களுக்கு ஊறுகாயில் தெரிந்த கணக்குதான். பாட்டில் விலை, மூடி விலை, கடைக்காரன் கழிவு, திரும்பி வருவது எவ்வளவு. புத்தகத்தில் கடைக்காரன் கழிவு 30, 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள். முதலில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே புத்தகம், 100 பிரதி. வைத்தியக் குறிப்பைத் தனியாகப் பிறகு போடலாம், அதை ஒரு வைத்தியர் பார்த்துத் தரட்டும். அச்சானதும், சட்டம் சொல்கிறபடி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் மற்ற இரண்டு நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

விற்க எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையைப் பார்க்க வேண்டாம். கேரளத்தில் கிராமத்துக்குக் கிராமம் நூலகம் இருக்கிறது. அவற்றுக்கு வருஷா வருஷம் புத்தகம் வாங்க கிராண்ட் வருகிறது. மாவட்ட லைப்ரரி கவுன்சில் நடத்தும் புத்தகமேளாவில்தான் வாங்குகிறார்கள். நம் பக்கத்து நூலகங்களில் தமிழ் அலமாரி பெரும்பாலும் காலியாக இருப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்களும் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பெண் துணிப்பையில் பத்துப் புத்தகத்தோடு ஸ்கூட்டியில் சுற்றுகிறாள். ‘டீச்சர், தமிழில் புதுசா எதுவும் இல்லையா?’ என்று போன வாரம்கூட என்னிடம் கேட்டாள். தையல் கடையில் இருப்பவர்கள், களை எடுத்துவிட்டு வந்தவர்கள், அவள் பை திறப்பதற்குக் காத்திருப்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஊர் நூலகத்தில் இருப்பேன். முகவரியை உங்களுக்குத் தனியே எழுதியிருக்கிறேன். ஐந்து பேரும் நோட்டுகளோடு வாருங்கள். வருகிற வழியில் ஒரு வரவு செலவு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எருத்தேன்பதி அம்மாவுக்கும் எழுதியிருக்கிறேன், அவர்களும் வருவார்கள்.