பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் மன அழுத்தத்தையும் பதற்றத்தையும் எப்படிச் சமாளிப்பது?

முதலில் காலையில் எழும் நேரத்தைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. கல்லூரியை மூடியதும் பேருந்தைப் பிடிக்கும் அவசரம், முதல் மணி, கேன்டீன், மாலை விளையாட்டு எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. அதுவரை நாளுக்கு ஒரு ஒழுங்கு தந்தவை அவைதான். இரவு 3 மணிவரை போன், 8:55-க்கு எழுந்து படுத்தபடியே 9 மணி வகுப்பு என்று பழகிவிட்டால் தூக்கம் கெடும், அதனால் பதற்றம் கூடும், பதற்றத்தில் தூக்கம் இன்னும் கெடும்.

"சீக்கிரம் படு" என்று வீட்டில் சொல்வார்கள். அது பலிக்காது. தூக்கம் வராமல் புரண்டால் படுக்கையே கவலைப்படும் இடமாகிவிடும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் 6:30 என்றால் 6:30-க்கு எழுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். எழுந்ததும் அரைமணி நேரம் மொட்டைமாடி வெளிச்சத்தில் நடங்கள். மாலை 4-க்குப் பிறகு காபி, டீ வேண்டாம். உடலில் சேர்ந்த கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். முதல் சில நாள் பகலில் சோர்வு கூடத்தான் செய்யும். பலர் விட்டுவிடுவது அந்தக் கட்டத்தில்தான். வகுப்பைப் படுக்கையில் கேட்காதீர்கள். தனி அறை இல்லையென்றால் சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

அடுத்தது வதந்தி. 2020-இல் இறுதியாண்டுத் தேர்வு உண்டா இல்லையா என்பது ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை தெளிவாகவில்லை. தமிழ்நாட்டில் அரியர் தேர்வுகள் ரத்து என்று அரசு அறிவித்த பிறகும் வழக்கு மாதக்கணக்கில் நீண்டது. இப்படிப்பட்ட நேரத்தில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவை மணிக்கொரு தரம் திறப்பதால் பதில் கிடைக்காது, படபடப்புதான் மிஞ்சும். பல்கலைக்கழக இணையதளத்தை நாளுக்கு ஒருமுறை, மாலை 6 மணிக்குப் பாருங்கள். அதையடுத்து 20 நிமிடம் கவலைகளை நோட்டில் எழுதுங்கள். நாளை செய்யக்கூடியது இருந்தால் பக்கத்திலேயே குறியுங்கள். இல்லாததை அப்படியே விடுங்கள். வேறு நேரத்தில் கவலை வந்தால் மறுநாள் 6 மணிக்குத் தள்ளிவையுங்கள். தூங்கப்போகும் முன் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

தொற்றுக் காலத்தில் மாணவர்களை மிகவும் அலைக்கழிப்பது மூச்சு முட்டல். கொரோனாவா, பதற்றமா? பதற்றத் தாக்குதல் திடீரென்று வரும், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு அடங்கத் தொடங்கும். வேகவேகமாக மூச்சு விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்து, நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டி, எண் நிலைக்கும்வரை கையை அசைக்காமல் பாருங்கள். 94-க்குக் கீழே இருந்தாலோ, மூச்சுத் திணறல் அடங்காமல் நீடித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். எண் சரியாக இருந்து, காய்ச்சல் இருமலும் இல்லையென்றால், 4 எண்ணும்வரை மூக்கால் இழுத்து 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள், 5 நிமிடம். பெரிய பெரிய மூச்சாக இழுத்தால் தலைசுற்றும். வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம், உண்மையிலேயே ஆக்சிஜன் குறைந்திருந்தால் ஆபத்து.

படிப்புக்கு, ஒரு நண்பருடன் வீடியோ அழைப்பில் மைக்கை அணைத்துவிட்டு 45 நிமிடம் சேர்ந்து படியுங்கள். தனியாக உட்கார்ந்தால் ஓடாத பாடம் இதில் ஓடும்.

2 வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ திரும்பாவிட்டால், எதிலும் ஆர்வம் இல்லாவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் 2 வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். என்ன சொல்வது என்று தயங்கினால், "கொஞ்ச நாளா தூக்கமே இல்லை, பயமா இருக்கு" என்று தொடங்குங்கள். மற்றதை அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.