பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றும்போது லோடு நிற்காமலிருக்க

கேள்வி: கம்பத்தில் ஏலக்காய் மொத்த வியாபாரம் செய்கிறோம். குமுளியில் ஒரு கொள்முதல் கடையும் உண்டு. அதற்குக் கேரளத்தில் தனி ஜிஎஸ்டி எண். பல வருஷமாக ஒரே பில்லிங் சாஃப்ட்வேர், பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். மகன் நெட்டில் இயங்கும் கிளவுடுக்கு மாறலாம் என்கிறான். போன வருஷம் ஒரு சின்ன அப்டேட் போட்டதற்கே இரண்டு நாள் பில் போட முடியாமல் லோடு நின்றுவிட்டது. வியாபாரம் நிற்காமல் மாற வழி உண்டா?

பதில்: உண்டு. போன வருஷ அப்டேட் கோளாறானதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது எல்லா இடத்திலும் நடப்பதுதான். சரிசெய்ய இரண்டு நாள் ஆனதே என்பதுதான் உறுத்துகிறது. பழைய பதிப்பும் முந்தின நாள் பேக்கப்பும் தனியே இருந்து, அதைத் திரும்ப ஏற்றிப் பழகிய ஓர் ஆளும் கடையில் இருந்திருந்தால், அன்று மதியத்துக்குள் வண்டி கிளம்பியிருக்கும். அதனால் எந்த சாஃப்ட்வேர் என்பதை மகனும் ஆடிட்டரும் பேசி முடிக்கட்டும். பழையதற்குத் திரும்பும் வழியை நீங்கள் முதலில் எழுதி வையுங்கள்.

பேக்கப் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அதை ரீஸ்டோர் செய்து, போன மாதத்து பில் ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே தலையைச் சொறிவார்கள்.

அடுத்தது நாள் குறிப்பது. காய் எடுப்பு சூடு பிடித்து, புத்தடியிலும் போடியிலும் ஏலம் மும்முரமாக நடக்கும் மாதங்களில் இதைத் தொடவே வேண்டாம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் கூட்டம் வேறு. குமுளி மலைப்பாதையை ஒருவழியாக்கி வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியே திருப்பிவிடும் நாட்களில் பில் தகராறும் சேர்ந்தால் தாங்காது. வரத்து குறையும் கோடைதான் உங்களுக்குத் தோது. ஏப்ரல் 1 அன்றே ஆரம்பிக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டு முடிவு வேலையில் ஆடிட்டர் மூழ்கியிருப்பார். கூப்பிட்டால் போன் எடுக்க மாட்டார். மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் என்றால் 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் 3பி, இரண்டும் முடியட்டும். அதன் பிறகு ஏலமோ லோடோ இல்லாத ஒரு நாளைப் பிடியுங்கள்.

ஆண்டு நடுவில் பில் எண் குழம்பாதா என்றால், குழம்பாது. ஒரே நிதியாண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, அவ்வளவுதான். புதிய சாஃப்ட்வேருக்கு வேறொரு முன்னெழுத்து கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஆனால் உண்மையான பில் ஒன்றில்தான் வர வேண்டும், மற்றது ஒத்திகை. எந்த ஒரு நிதியாண்டிலாவது விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டி, பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் போடும் கட்டாயத்தில் நீங்கள் இருந்தால் இதில் இன்னும் கவனம் தேவை. ஐஆர்என் (அந்தத் தளம் பில்லுக்குத் தரும் அடையாள எண்) என்பது ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் இவற்றிலிருந்து உருவாவது. அதே பில் எண்ணை இரண்டாவது முறை அனுப்பினால் தளம் திருப்பி அனுப்பிவிடும். தவறாகப் பதிந்ததை ரத்து செய்ய 24 மணி நேரம்தான். சரக்கு வண்டியோடு போகும் இ-வே பில்லுக்கும் அதே கெடு. அதனால் முதல் நாள் போட்ட ஒவ்வொரு பில்லையும் அன்று மாலையே ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும்.

உங்கள் இடத்தில் எனக்கு அதிகம் கவலை தருவது குமுளியிலிருந்து கம்பத்துக்கு வரும் சரக்குதான். உரிமையாளர் ஒருவரே என்றாலும் 32இல் தொடங்கும் கேரளப் பதிவும் 33இல் தொடங்கும் தமிழ்நாட்டுப் பதிவும் சட்டத்தின் கண்ணில் இரண்டு தனி ஆட்கள். சரக்கை மலையிறக்கிக் கம்பத்துக்குக் கொண்டுவந்தால், மாநிலம் கடக்கும் சரக்குக்கான ஐஜிஎஸ்டியோடு வரி பில் வேண்டும். புதிய சாஃப்ட்வேர்களில் கிளைக்குக் கிளை மாற்றம் என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பலவற்றில் சரக்கு அனுப்பும் சீட்டான வெறும் டெலிவரி சலான்தான் வரும். வாங்கும் முன்பே இந்த ஒரு கணக்கைச் செய்து காட்டச் சொல்லுங்கள்: 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரித்த காய், சலிப்பில் குறைந்த எடை, குமுளி பில், கம்பத்து வரவு. அழகான மொபைல் ஆப்பையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இ-வே பில் தளத்தோடு சாஃப்ட்வேர் பேசுவதற்கென்று தனி ஏபிஐ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. புதிய சாஃப்ட்வேருக்குப் புதிதாக உருவாக்குங்கள். மாற்றம் நிலைத்ததும் பழையதை முடக்குங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இந்தத் தளங்களில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். அது உங்கள் போனுக்கு மட்டும் வரும்படி இருந்தால், நீங்கள் மதுரையில் கல்யாண வீட்டில் இருக்கும் அன்றுதான் குமுளிக் கடையில் தேவைப்படும். அங்குள்ள கணக்கருக்கு அவர் எண்ணிலேயே துணைப் பயனர் கணக்கு திறந்து கொடுங்கள். சாஃப்ட்வேர் படுத்துவிட்டாலும் அவர் நேராகத் தளத்தில் இ-வே பில் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார். கிளவுட் என்றால் நெட் வேண்டும். குமுளியில் இரண்டு வெவ்வேறு கம்பெனி இணைப்பு இல்லாமல் இறங்காதீர்கள்.

மாற்றும் அன்று யார் சொல்லுக்கு மதிப்பு என்பதையும் முன்பே தீர்த்துவிடுங்கள். "காலை 10 மணிக்குள் இரண்டு கடையிலும் பில், இ-வே பில், இருப்பு மூன்றும் ஒத்து வராவிட்டால் பழையதற்குத் திரும்புவோம்" என்று எழுதி, முடிவு சொல்லும் ஒருவரின் பெயரையும் போடுங்கள். சாஃப்ட்வேர்காரர் "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்பார். சாயங்காலம் வரை அதையே சொல்வார். திரும்புவது என்றாலும் எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்ந்து திரும்ப வேண்டும். அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று 8 சர்வர்களில் 7இல் மட்டும் புதிய நிரலை ஏற்றியிருந்தது. விட்டுப்போன ஒன்று தாறுமாறாக வர்த்தகம் செய்யத் தொடங்கியதும் பதறிப்போய், சரியாக இருந்த 7இலிருந்தும் புதியதை நீக்கினார்கள். கோளாறு எட்டுக்கும் பரவியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். உங்களிடம் எட்டு இருக்காது, மூன்று இருக்கும். எடை மேடைப் பக்கம் இருக்கும் அந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

மாறி முடிந்த பிறகு பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி கணக்குகளை அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், வழக்கு இருந்தால் இன்னும் கூடுதலாக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே நிறுத்திவிட்டது. ஆகவே நெட் இணைப்பைக் கழற்றிவிட்டு, தரவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைக் கம்பத்திலும் மற்றதைக் குமுளியிலும் வையுங்கள். பழைய சாஃப்ட்வேரின் லைசென்ஸ் சாவியையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி அதனுடனேயே வைத்துவிடுங்கள்.